சாவி யார் கையில்?

பள்ளிக்கூடத்தில் நூலகம் உண்டு. நூலகத்தில் பீரோ உண்டு. பீரோவில் புத்தகம் உண்டு. பீரோவுக்குப் பூட்டும் உண்டு!

சாவி எங்கே? தலைமை ஆசிரியர் மேஜை டிராயரில்!

சென்னையில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்கள் ஒன்று இரண்டு அல்ல. வாரத்தில் ஒரு பீரியட் "லைப்ரரி" என்று அட்டவணையில் இருக்கும். அந்த நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கும். பரீட்சை வந்துவிட்டால் நூலக அறையே ஸ்டோர் ரூம் ஆகிவிடும். உடைந்த பெஞ்சு, பழைய விடைத்தாள் கட்டு, ஆண்டு விழா பேனர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

அறை இருக்கிறது. புத்தகம் இருக்கிறது. பிள்ளைகள்தான் இல்லை.

பெட்டிக்கடை சொல்லும் பாடம்

தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரைப் பாருங்கள். வாரப் பத்திரிகையை அவர் உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை. கயிறு கட்டி, கிளிப் மாட்டி, அட்டைப்படம் தெரியத் தொங்கவிடுகிறார். போகிறவர் நின்று பார்க்கிறார்; வாங்குகிறார். கண்ணில் படாத சரக்கு விலை போகாது என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

நூலகத்துக்கும் அதுதான் கணக்கு. அதை உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதுதான் முதல் விதி.

அவர் பிறந்த ஆகஸ்டு 12-ந் தேதி, நூலகர் நாள். ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை விழுகிறது. பள்ளிக்கூடத்துப் பீரோவில் பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது!

லட்சக்கணக்கில் வேண்டாம்

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகள் பிரிவில் செயற்கை மரம் ஒன்று நிற்கிறது. பார்த்ததுமே பிள்ளைகள் ஓடிப்போய் உட்காருகிறார்கள். இடம் நன்றாக இருந்தால் கை தானாகப் புத்தகத்துக்குப் போகும். எல்லாப் பள்ளிக்கும் அப்படி ஒரு மரம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வகுப்பறை போதும்.

ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. வெளிச்சம் வரும், காற்று வரும். சுவர் ஓரமாக நாலடி உயரத்தில் திறந்த அலமாரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எக்காமல் எடுக்க வேண்டும். கதைப் புத்தகங்களின் அட்டைப்படம் வெளியே தெரிய வேண்டும். நடுவில் நாலு கோரைப்பாய். வாசல் பக்கம் ஒரு மேஜை, ஒரு நோட்டு. புத்தகம் எடுத்த பிள்ளையே பெயரை எழுதட்டும்.

அடித்தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டால், ஈரமும் கரையானும் சட்டென்று ஏறாது.

ஒரு தச்சர், ஒரு பெயிண்டர். ஒரு வாரத்து வேலை!

பயம் யாருக்கு?

அப்படியும் ஏன் திறப்பதில்லை? ஆசிரியர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

"திறந்துவிட்டா பசங்க கிழிச்சிடுவாங்க. ஒண்ணு ரெண்டு காணாமப் போகும். ஆடிட்காரங்க வந்து கேட்டா யார் பணம் கட்டுறது?"

நியாயமான பயம். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் பூட்டிவிடுகிறார்.

மத்திய அரசு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளைப் பாருங்கள். ஓர் ஆண்டில் வாசகர் கைக்குப் போன ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைந்தால், அது சகஜமான இழப்பு. நேர்மைக் குறைவோ, கவனக் குறைவோ காரணமாக இருந்தால் கேள்வி வரும்.

அது மத்திய அரசு நூலகங்களுக்கு. அதே நிம்மதி பள்ளிக்கூட ஆசிரியருக்கும் வேண்டும். "இத்தனை வரை தொலைந்தாலும் கிழிந்தாலும் சம்பளத்தில் கை வைக்கமாட்டோம்" என்று ஒவ்வொரு பள்ளிக்கும் தெளிவாக எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் வந்து சேராமல், அலமாரி எத்தனை அழகாகச் செய்தாலும் மறுநாளே அதற்கும் ஒரு பூட்டு வரும்!

பிள்ளைகள் படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்தால் நஷ்டம் இல்லை. பீரோவுக்குள்ளேயே கரையான் தின்ற புத்தகம்தான் நஷ்டம். அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

பள்ளிக்கல்வித் துறை அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போடுமா?