25,000 தெருக்களும் ஒரு மூளையும்



மூளை எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று இந்த இதழில் வருகிறது. அதில் இரண்டே பத்தியில் வந்துபோகும் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் என்னை விடுவதாக இல்லை. இன்னும் விரிவாக எழுதச் சொல்லலாம் என்றால் பக்கம் போதாது. ஆகவே என் பக்கத்தையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட வேண்டுமானால் ‘தி நாலெட்ஜ்’ என்ற தேர்வில் தேற வேண்டும். சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் அத்துப்படியாக வேண்டும். அங்கங்கே இருக்கும் ஓட்டல், ஆஸ்பத்திரி, தியேட்டர், தூதரகம் எல்லாமும்தான். மூன்று நான்கு வருடம் பிடிக்கும். கைப்பிடிக்கு நடுவே வழித்தாளைச் செருகிக்கொண்டு, மழையோ குளிரோ, மொபெட்டில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெருவில் கிளம்பி, எங்கே இடது, எங்கே வலது, எந்த ரவுண்டானாவில் எப்படி வெளியேறுவது என்று கடைசிவரை ஒப்பிக்க வேண்டும். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்தால், நாற்காலியில் இருந்தபடி நுழைந்தாலும், தப்பு தப்புதான்.

இவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த எலினார் மக்வயர். மூளையின் இரு பக்கமும் ஆழத்தில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. அதன் பின்பாகம் டாக்ஸிக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஓட்டிய வருடங்கள் கூடக்கூட அளவும் கூடியது. 2000இல் வெளியான இந்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது.

ஹிப்போகாம்பஸில் தேடியதற்குக் காரணம் இருந்தது. 1971இல் அதே கல்லூரியில் ஜான் ஓ’கீஃப், ஓர் எலியின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய கம்பியைப் பதித்து அதை நடமாடவிட்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு செல் துடித்தது. நகர்ந்து போனால் அது அடங்கி, வேறொரு செல் துடித்தது. 2005இல் நார்வேயின் ட்ரான்ஹெய்மில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகை செல்லைக் கண்டார்கள். அது துடிக்கும் இடங்களைத் தரையில் குறித்துப் பார்த்தால், தேனடையைப் போல அறுகோண ஒழுங்கு தெரிந்தது. மூவரும் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இடங்களைக் குறித்துவைக்கும் இந்த வரைபடம் இருக்கும் அதே இடத்தில்தான் ஞாபகமும் உருவாகிறது. வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் கணிசமான பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு சற்றுமுன் பேசிய ஆளைக்கூட அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அறுவைக்குப் பின் குடிபோய், பல வருடம் புழங்கிய வீட்டின் அமைப்பை மட்டும் தாளில் வரைந்து காட்டினார்! தினமும் நடந்து நடந்து, மிச்சமிருந்த மூளையிலேயே அந்த வீடு எப்படியோ தங்கிவிட்டது.

மக்வயருக்கு வருகிறேன். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது பரபரப்பு அடங்கிய பிறகு அவர் செய்த வேலைகளால். அந்த மாற்றம் வண்டி ஓட்டுவதாலேயே வந்திருக்குமோ? பஸ் ஓட்டுநர்களைப் பரிசோதித்தார். அதே நெரிசல், ஆனால் போன வழியே போகிறவர்கள். அவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் டாக்ஸிக்கு வருகிறார்களோ? பயிற்சியைத் தொடங்கிய 79 பேரை முதலிலேயே ஸ்கேன் செய்துவிட்டுக் காத்திருந்தார். தேறியவர்கள் 39 பேர். தொடக்கத்தில் யார் மூளையிலும் வித்தியாசம் இல்லை. முடிவில் தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பின்பாகம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களையும் தேடிப்பிடித்துப் பார்த்தார்களே, அதுதான் நல்ல ஆய்வு. தேறியவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் உழைத்திருந்தார்கள் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது.

பத்திரிகைகள் அதிகம் சொல்லாத ஒன்று: இதற்கு ஒரு விலையும் உண்டு. அனுபவமுள்ள டாக்ஸிக்காரர்களுக்கு ஹிப்போகாம்பஸின் முன்பாகம் சிறுத்திருந்தது. சிக்கலான புதுப்படம் ஒன்றைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னால் பஸ் ஓட்டுநர்களைவிடத் தடுமாறினார்கள்.

மோசர்கள் இருவரும் அந்தச் செல்லைக் கண்ட அந்தப் பக்கத்துப் பகுதிதான் அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று. வீட்டுப் பெரியவர் பழகிய தெருவிலேயே வழி தவறினால், வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. நீங்கள் வளர்ந்த தெருவை, வீடு வீடாக, நினைவிலிருந்தே ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். கூகுள் மேப்ஸைப் பார்த்துத் திருத்த வேண்டாம். கடை இடம் மாறிப்போயிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்