மயக்க மருந்துத் துறைப் படிப்பு: பணம் கட்டும் முன்...

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மகள் பிளஸ் டூவில் பயாலஜி எடுத்துப் பாஸ் செய்திருக்கிறாள். ‘ஒரே வருஷம் படித்தால் மயக்க மருந்து டாக்டருக்கு அசிஸ்டென்ட் ஆகலாம், அமெரிக்காவுக்கே போகலாம்’ என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள் அம்மா. துறை நல்ல துறைதான். அவர்கள் சொல்லும் கணக்குதான் இடிக்கிறது.

அமெரிக்காவில் ‘அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட்’ என்பது தனிப் பதவி. 1969-ல் அங்கே தொடங்கிய படிப்பு அது. ஒரு டிகிரி முடித்தவர்கள், அதற்கு மேல் முதுநிலைப் பட்டம் பெற்றுத்தான் அந்த வேலைக்கு வருகிறார்கள். இங்கே ஒரு வருஷம் படித்த சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

நம் ஊரில் இருப்பது அனஸ்தீசியா டெக்னீஷியன் வேலை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்பவர் டாக்டர். அவர் கேட்கும்போது எல்லாம் சரியாகக் கைக்கு வர வேண்டும்; அது டெக்னீஷியனின் பொறுப்பு. காலையில் முதல் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்துக் கருவியில் கசிவு இருக்கிறதா, மானிட்டர் வேலை செய்கிறதா, மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும் உள்ளது ஆக்சிஜன். நீலம் நைட்ரஸ் ஆக்சைடு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாதபடி ஊசியும் துளையும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கண் பார்த்துத்தான் கை மாட்ட வேண்டும்.

2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதனால் மலை ஆஸ்பத்திரியில் இந்தக் கவனம் இன்னும் அவசியம்.

முறையான வழி, ‘ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி’ பி.எஸ்சி. வகுப்பு மூன்று ஆண்டு, ஆஸ்பத்திரியில் பயிற்சி ஓராண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி இடம் கொடுக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும் உண்டு. ஆகவே, ‘ஒரு வருஷம்’ என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அவர்களிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்:

1. சான்றிதழ் கொடுப்பது யார்? பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா?

2. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? அங்கே தினமும் ஆபரேஷன் நடக்கிறதா?

3. மொத்தக் கட்டணம் எவ்வளவு? எழுதி, ரசீதோடு தருவார்களா?

இந்தத் துறைக்காக 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அனஸ்தீசியா டெக்னீஷியன்களும் அதில் வருகிறார்கள். பதிவு செய்தவர்களே வேலை பார்க்கலாம் என்ற நிலை வரும்போது, அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் கைகொடுக்காது.

மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். 2022-ல் ஊட்டிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2025-ல் 700 படுக்கையோடு புது ஆஸ்பத்திரியும் திறந்தாயிற்று. படித்தவளுக்கு மலையை விட்டு இறங்காமலே வேலை தேட ஓர் இடம் இருக்கிறது.

நல்ல கல்லூரி எதுவும் ‘இந்த வாரமே’ என்று நெருக்காது அம்மா. தேர்வுக் குழுவின் விண்ணப்பத் தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.