‘பீர்தானே!’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை

சனிக்கிழமை சாயங்காலம் கஞ்சிக்கோட்டில் மதுக்கடை வரிசையை ஒட்டி நடந்து பாருங்கள். காதில் விழும் பேச்சில் பாதி தமிழாக இருக்கும். இடுக்கிப் பக்கம் பூப்பாறையிலும் நெடுங்கண்டத்திலும் இதே கதைதான். கையில் வாரக் கூலி. மத்தியானம் தின்ற சோறு எப்போதோ கரைந்துபோன வயிறு. தெரிந்த முகமாயிற்றே என்று, “என்னப்பா, இன்றைக்குமா?” என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “பிராந்தி இல்லண்ணே, பீர்தானே!”

இந்தத் ‘தானே’யில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பீர் பாட்டிலில் இருப்பது 650 மில்லி. ஸ்ட்ராங் பீரில் சாராயச் சத்து 8 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது ஒரு பாட்டிலில் 52 மில்லி சுத்தச் சாராயம். ஒரு குவார்ட்டர் பிராந்தியோ 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் அதில் 77 மில்லி. ஆக, இரண்டு பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடித்தவன் 104 மில்லி இறக்கியிருக்கிறான். ஒரு குவார்ட்டர் குடித்தவனைத் தாண்டிவிட்டான். ‘பீர்தானே’ என்று வீட்டில் சொல்லும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. மைல்டு பீர் என்றால் 5 சதவீதத்துக்கு உட்பட்டது. பாட்டிலுக்கு 32 மில்லி சொச்சம்தான். இரண்டுக்கும் பெயர் பீர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பீர் என்பதுதான் என்ன? தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட், அவ்வளவே. இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். எலப்புள்ளியில் மது ஆலைக்கு 2025 ஜனவரியில் அரசு முதற்கட்ட அனுமதி கொடுத்தபோது, ஊரார் முதலில் கேட்ட கேள்வியே ‘தண்ணீர் எங்கிருந்து?’ என்பதுதான். மழை குறைந்த கிழக்குப் பாலக்காட்டில், பிளாச்சிமடைக் கிணறுகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பானம் என்பது பொதுவான எண்ணம். பாதி உண்மை. 1857இல் நீலகிரி அருவங்காட்டில் பீர் காய்ச்சத் தொடங்கியவர்கள் அவர்களே. ஆனால் தானியத்தை முளைகட்டிப் பொடித்துக் கூழில் கலந்து புளிக்க வைக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, மீனவர் குடியிருப்பில் அரிசிக் கூழை ஆற்றி, முளை மாவு கலந்து, சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வைத்து மது பிழிந்ததை வரிசையாகச் சொல்கிறது. களைத்து வரும் பாணனுக்கு அந்த மது வெறுமனே கிடைக்கவில்லை. சுட்ட மீனோடு கிடைக்கும் என்கிறது அந்நூல். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதுவும் தின்பண்டமும் சேர்ந்துதான் இலைக்கு வந்திருக்கின்றன. (வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியதும் இதே மண்ணில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.)

மேல்நாட்டிலும் குடிக்கத் தெரிந்தவர்களின் வழக்கம் அதுதான். பீரில் அங்கே பல ஜாதி உண்டு. குளிர்ந்த இடத்தில் நிதானமாகப் புளிக்க வைப்பது லாகர். அதில் பொன்னிறமான பில்ஸ்னர் 1842இல் பொஹீமியாவின் பில்ஸன் நகரில் பிறந்தது. இன்று நம் கடைகளில் விற்பவை பெரும்பாலும் அதன் தூரத்துப் பேரப்பிள்ளைகள். தென் ஜெர்மனியில் கோதுமை பீர். காலைப் பலகாரமாக வெள்ளைத் தொத்திறைச்சி தின்னும்போது அதை வைத்துக்கொள்வார்கள். பெல்ஜியத்தில் அதிலேயே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். வறுத்த பார்லியில் செய்த கறுத்த ஸ்டவுட்டை அயர்லாந்தில் சிப்பி இறைச்சியோடு சாப்பிடுவார்கள். அந்தக் கறுப்புப் பீர் நம் மலையகத் தமிழர் தேயிலை பறிக்கும் நுவரெலியாவிலும் காய்ச்சப்பட்டுப் பெயர் வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை, ஒரு பண்டம், ஓர் அளவு.

நம்மூர்ச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்? நெத்திலி வறுவலுக்கும், கப்பையும் மீன் கறியும் தின்பதற்கும் மைல்டு லாகரே போதும். எண்ணெய்ப் பிசுக்கை அது கழுவிவிடும். பரோட்டாவும் மாட்டுக்கறியும் என்றால் கறுப்புப் பீர் ஈடு கொடுக்கும். கோதுமை பீர் ஆப்பத்துக்கும் காரம் குறைந்த மீன் மோளிக்கும் இதமானது. அதிகக் கசப்புள்ள பீரைக் காரக் குழம்போடு சேர்த்தால் நாக்கு எரியும். ஸ்ட்ராங் பீரோ எந்தப் பண்டத்துக்கும் துணை அன்று. அது ருசிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. சீக்கிரம் ஏறுவதற்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டில் விற்கும் பீரில் பெரும்பகுதி அந்த ஸ்ட்ராங்தான் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இதை நாம் ஜெர்மனிக்குப் போய்க் கற்க வேண்டியதில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைக்குப் போனாலே போதும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவது குற்றம். வேலந்தாவளத்தைத் தாண்டினால் அதுவே தொழில். அந்தத் தொழிலாளிக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமநல நிதியும் உண்டு. காலையில் இறக்கிய கள் இனிப்பாக, இலேசாக இருக்கும். வெயில் ஏற ஏறப் புளித்து, சாராயச் சத்து 8 சதவீதத்தைக் கூடத் தொடலாம், மறுநாள் காடியாகிவிடும். அதாவது கள்ளுக்கு நேரம் உண்டு. குடிக்கிறவனும் பெஞ்சில் உட்கார்ந்து, கப்பையும் மீனும் முன்னால் வைத்துக்கொண்டுதான் குடிக்கிறான். கள்ளுக்கடைச் சமையலுக்காகக் குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. கள்ளிலும் மயக்க மருந்து கலந்து விற்றுப் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அதைப் புனிதமாக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து, தின்றுகொண்டு, நாலு பேரோடு பேசிக்கொண்டு குடிக்கும் ஒழுங்கு அங்கே இருக்கிறது. மதுக்கடை வாசலில் பாட்டிலை வாங்கி, சுவர் மறைவில் நின்றபடி பத்து நிமிஷத்தில் கவிழ்க்கும் நம் வழக்கத்தில் அது இல்லை.

வெறும் வயிற்றில் குடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். வயிற்றில் சோறு இருந்தால் சாராயம் மெதுவாக இரத்தத்தில் கலக்கும். இல்லையேல் விறுவிறுவென்று ஏறும். உப்பு மிக்சரும் ஊறுகாயும் சாப்பாடு ஆகா. தாகத்தைக் கூட்டி இன்னொரு பாட்டில் வாங்க வைப்பவை அவை. ஏறியது இறங்கவும் நேரம் வேண்டும். 52 மில்லியைக் கரைக்க ஈரலுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். ஆகவே குடித்துவிட்டுப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கை இறக்குகிறவர், சட்டத்தோடு மட்டுமல்ல, எமனோடும் பேரம் பேசுகிறார்.

இடுக்கி நண்பர்கள் வேறொரு காரணம் சொல்வார்கள்: “குளிருக்குத்தான்.” இதுவும் ஏமாற்றே. மது தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சிச் சூடு மாதிரி காட்டும். உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குளிருக்குக் கட்டன் சாயா போதும்.

கேரளத்தில் மாதத்தின் முதல் தேதியை மதுக்கடைகளுக்கு விடுமுறை நாளாக வைத்ததன் உட்பொருள், மாதச் சம்பளம் முதலில் வீட்டுக்குப் போகட்டும் என்பதே. நல்ல எண்ணம். ஆனால் குமாஸ்தாவுக்குத்தான் அது முதல் தேதி. ஏலத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் வாரக் கூலிக்குப் போகிறவனுக்குச் சனிக்கிழமைதானே முதல் தேதி? அவனுக்கு யார் விடுமுறை விட்டார்கள்? அந்த விடுமுறையை அவனேதான் விட்டுக்கொள்ள வேண்டும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, ‘அதே காசுக்கு அதிகம் ஏறுகிறதே’ என்று ஏழை ஸ்ட்ராங்கைத்தான் எடுப்பான். ஸ்காட்லாந்தில் 2018 முதல் சாராயச் சத்தின் அளவைப் பார்த்துக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு வழி வேண்டும். பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பெரிய எழுத்தில், எல்லைப் பகுதிகளிலாவது தமிழிலும் போடட்டும்.

எந்த அளவும் உடம்புக்கு முழுப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடிக்காதவர் தொடங்க வேண்டாம். குடிக்கிறவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பணம் ஊருக்குப் போன பிறகு, சோறு வயிற்றுக்குப் போன பிறகு, உட்கார்ந்து, மைல்டு ஒன்று. அதோடு எழுந்துவிட வேண்டும். தேனியிலோ தருமபுரியிலோ ஒரு வீட்டில் சனிக்கிழமை இரவு போன் மணிக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் போனில் தெளிவான குரலில் பேச முடியாத அளவுக்குக் குடித்தால், அது ‘பீர்தானே’ அல்ல.