புதுக் கோச் வந்தாச்சு... 'அட்டாக்' ஆடினா மட்டும் போதுமா?

டீம் தோற்கிறது, கோச் போகிறார், புதியவர் வருகிறார். வந்த கையோடு 'இனிமே அட்டாக்கிங் ஃபுட்பால்தான்' என்ற பேச்சும் கிளம்பிவிடும். சித்தையன்கோட்டையில் உட்கார்ந்து, 400 கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் சென்னையின் எஃப்சி மேட்ச்சை மொபைலில் பார்க்கும் ரசிகருக்கு ஒரே சந்தேகம்தான்: அதே பிளேயர்களை வெச்சுக்கிட்டு புதுசா என்ன பண்ணிட முடியும்?

நிறைய பண்ணலாம். 2019-20 ஐஎஸ்எல் சீசனைப் பாருங்கள். ஜான் கிரிகோரி கோச்சாக இருந்த முதல் நான்கு மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு மேட்ச்சில் மொத்தமே 4 கோல். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். மீதமிருந்த 12 லீக் மேட்ச்சில் 28 கோல்! கேரளா பிளாஸ்டர்ஸை கொச்சியிலேயே 6-3 என்று சாய்த்ததும் இதில் அடக்கம்.

மந்திரம் எதுவும் இல்லை. ரஃபேல் கிரிவெல்லாரோவை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இஷ்டத்துக்கு ஆட விட்டார். பந்து கிடைத்ததும் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டிருக்காமல் நேராக முன்னால் தள்ளினார்கள். விங்கில் லாலியன்சுவாலா சாங்டே பறந்தார். நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து கோல்டன் பூட்டையே தூக்கிவிட்டார். கடைசி இடங்களில் கிடந்த டீம் நான்காவதாக முடித்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் முன்னாடி போயிட்டா பின்னாடி யாரு? அரையிறுதியில் கோவாவை முதல் மேட்ச்சில் 4-1 என ஜெயித்துவிட்டு, அடுத்ததில் 2-4 எனத் தோற்றார்கள். மொத்தக் கணக்கில் 6-5. தப்பிச்சதே பெரிசு. 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் ரசிகர்களே இல்லாமல் நடந்த ஃபைனலில் ஏடிகே 3-1 என்று ஜெயித்துவிட்டது.

இருந்தாலும் ரசிகர் பார்வையில், அந்த சீசனில் ஏடிகேவிடம் 0-1 எனத் தோற்றதைவிட கோவாவிடம் 3-4 எனத் தோற்றது எவ்வளவோ மேல். காயில் போன அடுத்த சீசனில் 20 மேட்ச்சுக்கு வெறும் 17 கோல் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அதற்காக கோச்சை மட்டும் நம்பினாலும் ஆகாது. அதே காயில் 2023-ல் திரும்பி வந்தார். முதல் சீசனில் பிளேஆஃப், அடுத்த சீசனில் 13 டீம்களில் 11-வது இடம். வால்ஸ்கிஸ் மாதிரி கோலாக முடித்துக்கொடுக்கும் ஆள் இல்லாவிட்டால் அட்டாக் பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால் அடுத்து எந்தக் கோச் வந்தாலும் முதல் அஞ்சு மேட்ச்சில் ஸ்கோரை விடுங்க. எதிரணி பாக்ஸுக்குள் எத்தனை பேர் ஓடுகிறார்கள், பந்து பறிபோனதும் அதில் எத்தனை பேர் திரும்பி ஓடி வருகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.