ஓங்கில் பார்க்கப் போகிறவர்களுக்கு

வேப்பூர்க் கூட்டுரோட்டில் நிற்பவர்களுக்குக் கடல் தூரத்துச் செய்தி. சென்னைக்கும் திருச்சிக்கும் பேருந்துகள் விரைகின்றன; விருத்தாசலம் போகும் பேருந்தும் வருகிறது; உப்புக்காற்று மட்டும் வருவதில்லை. சென்ற தலைமுறையில் நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கடலைக் கண்டது பெரும்பாலும் வேளாங்கண்ணித் திருவிழாவின்போதுதான். காலை நனைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நாலு சோழி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இன்று அப்படியில்லை. தேர்வு முடிந்ததும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு கோவா வரை போய்வருகிறார்கள். போய்வந்தவர்கள் கைப்பேசியில் படம் காட்டுகிறார்கள். போகாதவர்கள் வீட்டில் பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

அத்தகைய பிடிவாதத்துக்கு ஆளான தாயார் ஒருவர், ஞாயிறு பூசை முடிந்ததும் நம்மிடம் வந்தார். "சுவாமி, கோவாவுல படகுல கூட்டிட்டுப் போய் டால்பின் காட்டுறாங்களாமே, நீங்களும் பார்த்தீங்களாம். அதுக்குப் பணம் கட்டலாமா? காட்டாம ஏமாத்திடுவாங்களா?" என்று கேட்டார். கோயில் வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. ஆகவே இம்மாதம் இந்தப் பகுதியிலேயே எழுதுகிறோம்.

டால்பினைத் தமிழில் ஓங்கில் என்பர். உருவம் மீனைப்போன்றதேயாயினும் அது மீனன்று; நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் இனம். தலையுச்சியிலுள்ள ஒரே துளைதான் அதற்கு மூக்கு. மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். அதனால்தான் படகிலிருந்து அதை நாம் காண முடிகிறது. உறங்கும்போதுகூட அதன் மூளையின் ஒரு பாதி விழித்திருக்கிறது என்று அறிஞர் கூறுவர். முழுவதும் உறங்கிவிட்டால் மூச்சுவிட மேலே வருவது எங்ஙனம்?

கோவாவில் மாண்டவி ஆறு கடலில் கலக்குமிடத்திலும், அகுவாதா கோட்டையின் அடிவாரத்திலும், சிங்கேரிம் கடற்கரையோரத்திலும் படகுக்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் கூன்முதுகு ஓங்கில் என்னும் வகையாகும். முதுகிலே காளையின் திமிலைப்போல ஒரு மேடு; அதன்மேல் சிறியதொரு துடுப்பு. இது ஆழ்கடலுக்குப் போவதில்லை. கரையோரத்து ஆழமற்ற நீரிலேயே வாழ்நாளைக் கழிக்கிறது. அதுவே அதற்குத் துன்பமும் ஆயிற்று. வலையும் கழிவுநீரும் இயந்திரப் படகும் கரையோரத்தில்தானே மிகுதி! பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தொலைக்காட்சியில் வருவதுபோல் அது ஆகாயத்தில் எழும்பிச் சுழலும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கூன்முதுகு ஓங்கில் அடக்கமான பிராணி. முதுகைக் காட்டும், மூச்சை விடும், மறையும், அவ்வளவே. சுழன்று எழும்புவது வேறு வகை. அவற்றை இலங்கையின் கற்பிட்டிக் கடலில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை, நூற்றுக்கணக்கில் கூட்டமாகக் காணலாம். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரை போகும் நம்மவர்கள் அந்தத் தீபகற்பத்தை அறிவார்கள்.

பழைய கோவாவில் புனித சவேரியாரின் திருவுடல் 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் நம் பங்கு மக்கள் சிலரோடு சென்று தரிசித்தோம். மறுநாள் காலை ஒரு படகில் ஏறினோம். கரையை விட்டுக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். தொலைவில் கறுத்த முதுகொன்று தெரிந்தது. தெரிந்ததுதான் தாமதம், ஐந்தாறு படகுகள் நாலா திசையிலிருந்தும் அங்கே பாய்ந்தன. கைதட்டலும் சீழ்க்கையும் காதைத் துளைத்தன. பக்கத்துப் படகிலிருந்த ஒருவர் தம் படகோட்டியிடம் பணத்தாளை நீட்டி, இன்னும் கிட்டே போகும்படி சைகை காட்டினார். அந்தப் படகு சீறிக்கொண்டு முன்னே போயிற்று, முதுகு மறைந்தது. நூறு கஜத்துக்கு அப்பால் அது மீண்டும் எழுந்தது, படகுகளும் திரும்பின. இவ்விதம் நான்கு முறை நடந்தது. அதனைக் காட்சி என்பதைவிட வேட்டை என்பதே பொருந்தும்.

நம் படகை ஓட்டியவர் வயதானவர், மீனவர். அவரருகே சென்று, "அவசரமில்லை ஐயா, இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள், வந்தால் பார்க்கிறோம்" என்று, நம்மோடு வந்திருந்த இளைஞர் ஒருவர் மூலம் இந்தியில் சொன்னோம். அவர் ஒருகணம் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பின்பு சிரித்துக்கொண்டே நிறுத்தினார். மற்றப் படகுகள் வேறு திசையில் ஓடிவிட்டன. படகு ஆடிக்கொண்டிருந்தது, சிலருக்கு வயிற்றைப் புரட்டிற்று, ஒருவர் முணுமுணுக்கவும் தொடங்கினார். பத்து நிமிடமிருக்கும். திடீரென நமக்கு வலப்பக்கம், மிக அண்மையில், 'ப்பூ' என்று பெருமூச்சொன்று கேட்டது. இரண்டு ஓங்கில்கள், ஒன்றின் விலாவை ஒட்டினாற்போல் ஒரு குட்டி. வேப்பூரிலிருந்து வந்திருந்த ஏழு வயதுச் சிறுமி, "சுவாமி, அது மூச்சு விடுது!" என்று இரகசியம்போல் சொன்னாள். ஒருவருக்கும் படமெடுக்கத் தோன்றவில்லை. எடுத்திருந்தாலும் மூச்சொலி படத்தில் வராது.

இப்பொழுது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். காட்டாமல் ஏமாற்றிவிடுவார்களா என்பது அவருடைய ஐயம். நாம் அஞ்சுவது அதற்கு நேர் எதிரானதை. எப்படியாவது காட்டிவிடுவார்கள் என்பதே நமது அச்சம். 'டால்பின் தெரியாவிட்டால் பணம் வாபஸ்' என்று உறுதி கூறிப் படகில் ஏற்றும் வழக்கம் சுற்றுலாத்துறைகளில் உண்டு. வாங்குகிறவர்களுக்கு இது நியாயமான வியாபாரமாகத் தோன்றும். ஆனால் அப்படி வாக்களித்தவன் என்ன செய்வான்? எரிபொருளுக்குக் கையிலிருந்து செலவழித்திருக்கிறான். படகின்பேரில் கடன் இருக்கலாம். ஜூனில் பருவமழை தொடங்கினால் நான்கு மாதம் தொழிலில்லை. வெறுங்கையோடு கரை திரும்ப அவனால் முடியாது, ஆகவே துரத்துகிறான். அவனைப் பழிப்பது எளிது. நமக்கோ, துரத்தும் படகின் சுக்கான் படகோட்டியின் கையில் இருப்பதாகத் தோன்றவில்லை. காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களின் வாயில் இருக்கிறது. 'இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே' என்று கூவுபவர்கள் மீனவர்களா? பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கும் நாம், இந்தப் பாதகத்துக்கு மட்டும் நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறோம்!

துரத்துவதால் அதற்கென்ன நட்டம் என்று கேட்பவர் உண்டு. ஓங்கில் கண்ணைவிடக் காதையே நம்பி வாழ்வது. தானே ஒலியெழுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பிவருவதைக் கேட்டு இரையையும் வழியையும் கண்டுகொள்கிறது. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் ஒலியால்தான். தண்ணீரில் ஒலி காற்றிலே போவதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் விரைந்து, வெகுதூரம் செல்லும். ஐந்து இயந்திரங்கள் ஒருங்கே இரையும்போது அதன் நிலைமை, நம் கண்ணில் புழுதியை வாரி இறைத்ததைப் போன்றது. குட்டியோ தாயின் பக்கவாட்டிலேயே ஒட்டி நீந்த வேண்டும். இடையில் படகு புகுந்தால் பிரிந்துபோம். மூச்செடுக்க வந்தது முழு மூச்செடுக்காமலே ஆழத்துக்குப் போகவும் நேரும். ஆஸ்திரேலியாவில் ஓங்கிலுக்கு 50 மீட்டருக்குள் படகு நெருங்கலாகாது. குட்டி இருந்தால் இன்னும் தள்ளி நிற்கவேண்டும். நியூசிலாந்திலோ 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்குமேல் நிற்க 1992ஆம் ஆண்டின் விதி இடந்தராது. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓங்கில்களைக் காக்கிறது. சட்டம் கடலுக்குள் எட்டுவதுதான் கடினம்.

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். இதில் நமக்கு விட்டுக்கொடுத்தலில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் ஒரு காரணமென்று அப்போது பேசப்பட்டது. 2011இல், கிறிஸ்மஸ் நாளன்றே, பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகில் மீண்டும் 22 பேர்; பலர் குழந்தைகள். ஓங்கில் தெரிந்ததும் எல்லாரும் எழுந்து ஒருபக்கம் ஓடுவதும் அதே செயல்தான். லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டையை, வியர்க்கிறதென்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் பெரியவர்களை நாம் அந்தப் படகிலேயே கண்டோம். குழந்தைக்கேற்ற அளவில் சட்டை இல்லையென்றால் குழந்தையை ஏற்றாதீர்கள். அழுதால் அழட்டும்.

இவ்வளவு சொன்னபின், போகவே வேண்டாமென்று சொல்வதாக எண்ணிவிடலாகாது. போகத்தான் வேண்டும். காட்சிசாலைத் தொட்டியில் ஓங்கிலைப் பார்ப்பதைவிடப் படகு நூறுமடங்கு மேலானது. 1998இல் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஒரு பொழுதுபோக்கு இடத்துக்குப் பல்கேரியாவிலிருந்து ஓங்கில்களைத் தருவித்தார்கள். சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. 2013 மே மாதத்தில் மத்திய அரசு இத்தகைய காட்சிசாலைகளுக்கு அனுமதியில்லையென்று அறிவித்துவிட்டது. நல்ல முடிவு. ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரிச் சுரங்கக் கல்லறைகளின் சுவரில் நங்கூரத்தோடு ஓங்கிலையும் வரைந்து வைத்தனர். அவர்கள் கண்டதும் கடலில் உலவிய ஓங்கிலையே.

ஆகையால் படகு பேசும்போதே இப்படிப் பேசுங்கள்: "தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பேசிய கூலி உண்டு. துரத்த வேண்டாம். தூரத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடுங்கள்." இதைக் கேட்டு மகிழாத மீனவர் இருக்கமாட்டார் என்பது நம் எண்ணம். காலை வேளையில் போவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே வேண்டாம்.

மீனவருக்கும் ஓங்கிலுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. அது வலையைக் கிழித்து மீனைக் கவர்ந்ததென்று ஏசுவோர் உண்டு. ஆனால் பிரேசில் நாட்டின் தெற்கே லகூனா என்னும் ஊரில், நூறாண்டுக்கும் மேலாக, மீனவர் இடுப்பளவு நீரில் வீச்சு வலையோடு நின்றிருக்க, ஓங்கில்கள் மடவை மீனைக் கரைநோக்கி ஓட்டிவருகின்றன. அது தலையால் தண்ணீரை அறைந்ததும் இவர்கள் வலையை வீசுகிறார்கள். வலைக்குத் தப்பிச் சிதறும் மீன் அதற்கு இரை. கோவாவில் நம் படகோட்டியும், ஓங்கில் வருமிடத்தை மீன் கூட்டத்தை வைத்தே சொன்னார்.

நம் கடலிலும் ஓங்கில் உண்டு. விருத்தாசலம் வழியே ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலடைகிறது. பாலத்திலிருந்து நாம் எறியும் பாலிதீன் பையும் அவ்வழியே போகிறது. தெற்கே, சவேரியார் செபித்த குகையுள்ள மணப்பாட்டில், 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. பெயர் திமிங்கலமாயினும் அவை ஓங்கில் குடும்பத்தவையே. 2016 ஜனவரியில் அதே கரையோரத்தில் மீண்டும் பெருங்கூட்டமொன்று ஒதுங்கியது. ஊர் மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் இழுத்து ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றுள் பல, கரையில் கிடந்த தம் கூட்டத்தை நோக்கித் திரும்பி வந்துவிட்டன.

விடுமுறையில் கடற்கரையில் நடக்கும்போது ஓங்கிலொன்று உயிரோடு ஒதுங்கிக் கிடக்கக் கண்டால், அதன்மேல் ஏறி நின்று படமெடுக்கும் கூட்டத்தை முதலில் விலக்குங்கள். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஈரத்துணியால் உடலைப் போர்த்தி, நிழல் செய்து, கடல்நீரை ஊற்றிக்கொண்டேயிருங்கள். தலையுச்சித் துளையில் மட்டும் துணியோ நீரோ மணலோ படலாகாது. ஒருவரை அனுப்பி ஊர் மீனவரையும் வனத்துறையினரையும் அழைத்துவரச் செய்யுங்கள்.