காதில் சீழா? எண்ணெய் காய்ச்ச வேண்டாம்!

"பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு, சீழ் நின்னுடும்." எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் பெரியவர்கள் இன்றும் சொல்லும் வைத்தியம் இது. வேண்டாம் சகோதரிகளே! பக்கத்து வீட்டுப் பையனுக்குத் துணையாக டாக்டரிடம் போய் நான் கேட்டு வந்ததைச் சொல்கிறேன்.

நாற்றமடிக்கும் சீழ் விட்டு விட்டு வந்து, காதும் மந்தமானால் அது கொலஸ்டியடோமாவாக இருக்கலாம். 1838-ல் ஜெர்மனியின் யோகான்னஸ் முல்லர் வைத்த பெயர். கொழுப்புக் கட்டியோ, புற்றுநோயோ அல்ல. செவிப்பறைக்கு உள்ளே தோல் வளர்ந்து, உதிரும் செதிள்கள் பை போலச் சேருகின்றன. அந்தப் பை காதின் குட்டி எலும்புகளை அரிக்கும்; முற்றினால் முக நரம்பு, மூளை வரை பாதிக்கும். பெரும்பாலும் வலியே இராது. அதனால்தான் அசட்டையாக இருந்து விடுகிறோம்!

சொட்டு மருந்து சீழைக் குறைக்கும். பையை எடுக்க ஆபரேஷன்தான். முன்பு காதுக்குப் பின்னால் கீறிச் செய்வார்கள். இப்போது பலருக்கு, மெல்லிய எண்டோஸ்கோப்பைக் காதுத் துளை வழியே விட்டு, மறைவான மூலைகளையும் திரையில் பார்த்துச் சுத்தம் செய்கிறார்கள். நோய் பின்னெலும்புக்குள் பரவியிருந்தால் கீறத்தான் வேண்டும். மறுபடி வரக்கூடியது என்பதால், பிறகும் சில வருஷங்கள் காட்டி வர வேண்டும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது. காட்டும் வரை, குளிக்கையில் வாசலின் தடவிய பஞ்சை வைத்துத் தண்ணீர் போகாமல் பாருங்கள். கோழி இறகு, ஹேர்பின் கூடவே கூடாது!