பாதியாக்கப்பட்ட அறிஞன்

அந்நிய மூலதனம் ஏழை நாட்டுக்கு வரும் நல்விருந்தாளி என்று போதிக்கும் பொருளியலாருக்குப் பதவிகளும் பாராட்டுகளும் எளிதிற் கிட்டுகின்றன. அவ்விருந்தாளி வீட்டுத் திறப்பையும் கேட்கிறான் என்று சொன்னவனின் கதி யாது? ஸ்ரீபன் ஹைமரின் வாழ்வு இதற்கு விடை தரும்.

1934இல் கனடாவின் மொன்றியல் நகரிற் பிறந்த ஹைமர், 1960இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். வட்டி குறைந்த நாட்டிலிருந்து வட்டி கூடிய நாட்டுக்கு மூலதனம் பாய்கிறது என்பதே அந்நாளைய பொருளியலின் வேதவாக்கு. வட்டிதான் நோக்கமெனின் கடன்பத்திரம் வாங்கினாற் போதுமே. வேற்று நாட்டில் தொழிற்சாலை நடத்துவானேன் என வினவினார் ஹைமர். அமெரிக்கக் கம்பனிகள், சென்ற நாடுகளிலேயே கடன் பெற்றுத் தொழில் நடத்துவதையும் சுட்டிக்காட்டினார். கம்பனி நாடுவது வட்டியையன்று, கட்டுப்பாட்டை. போட்டியை ஒடுக்கிச் சந்தையை ஆளும் அதிகாரத்தை.

வாதம் மிக எளிமையானது எனக் கூறி, அவ்வேட்டை நூலாக்கப் பரிந்துரைக்க மறுத்தனர் அந்நிறுவகத்தார். மேற்பார்வையாளரான கிண்டில்பேர்கரே பின்னர் இதனைப் பதிவு செய்தார்.

ஹைமர் மார்க்சியத்தின்பால் வந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர், 1970இல் நியூயோர்க்கின் நியூ ஸ்கூலிற் சேர்ந்தார். தீர்மானிக்கும் தலைமையகம் சில பெருநகரங்களில், பணியும் கைகள் ஏனைய நாடுகளில் என, உலகத்தையே தன் படிநிலையின் சாயலில் வார்க்கும் பல்தேசியக் கம்பனி. செல்வமும் வறுமையும் அதனால் ஒருங்கே விளையும் என எழுதினார். 1974இல் மோட்டார் விபத்தொன்று அவரைப் பலிகொண்டது. அப்போது வயது 39. ஆய்வேடு அச்சேறியதோ 1976இல்!

இன்று வர்த்தக முகாமைத்துவ உலகம் அவரைத் தன் துறையின் முன்னோடியெனப் போற்றுகிறது. ஆனால் 1960இன் ஹைமருக்கே மாலை. 1970இன் ஹைமருக்குப் பெரும்பாலும் மௌனந்தான். கம்பனி எவ்வாறு வெல்கிறது என்பதை எடுத்துக்கொண்டார்கள். யாரைத் தோற்கடித்து வெல்கிறது என்பதை விட்டுவிட்டார்கள்.

அவரது தாய்நாட்டிலும் இதே கதைதான். அந்நியர் உடைமை பற்றி ஆராய்ந்து 1968இல் அறிக்கையளித்த வட்கின்ஸ் குழுவில் ஹைமரும் ஒருவர். அந்நிய முதலீட்டைப் பரிசீலிக்க 1973இல் கனடா சட்டமியற்றியது. 1985இலோ, முதலீட்டை ஊக்குவிப்பதையும் நோக்காகக் கொண்ட வேறொரு சட்டம் அவ்விடத்தைப் பிடித்தது.

ஆய்வாளன் நடுநிலையாளனாயிருத்தல் வேண்டும் என்பர். கட்டுப்பாடு யார் கையில் என்னும் கேள்வியை விலக்கிவைப்பது எவ்வகை நடுநிலை? அது கம்பனியின் பக்கம் சாய்ந்து நிற்பதன் மறுபெயரே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! எவ்வளவு முதலீடு வந்தது என்று மாத்திரம் கேட்பவன் கணக்குப்பிள்ளை. வந்ததை ஆள்பவர் யார் என்றும் கேட்பவனே பொருளியல் கற்றவன். ஹைமரை முழுமையாகப் படிப்போம். அக்கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுசெல்வோம்.